பிடியரிசி டாக்டர்

ஜெயபாலனுக்கு மாலை போட வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். என் பேச்சை அந்தச் சபையில் என்றைக்கு யார் கேட்டார்கள்? கார் வேண்டும் என்றால் மட்டும் இந்த முகம்மது கௌஸ் ராவுத்தர் ஞாபகத்துக்கு வருவார். மலாயாவில், ஈப்போ நகரில் மளிகைக் கடை வைத்த கையோடு ஒரு பழைய காரையும் வாங்கித் தொலைத்தது நான் செய்த பாவம்.

"பையன் இன்னும் படிச்சு முடிக்கல. மாலையப் போட்டு டாக்டருன்னு காட்டினா நாளைக்கு வம்பு வரும்" என்றேன்.

சபைத் தலைவர் அப்பாவு சிரித்தார். ஜவுளிக் கடைக்காரர். வேண்டாம் என்று வந்தவனிடமும் சிரித்தே ஒரு வேட்டியைக் கட்டிவிடுகிறவர். "ராவுத்தரே, அரிசி போடுற சனம் ஒரு தடவ கண்ணால பார்க்கட்டுமே. பார்த்தா என்ன கொறஞ்சு போகும்?"

அரிசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர்த் தோட்டத்திலிருந்து பத்து காஜா என்கிற ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிக்கு வைத்தியம் கிடைக்கும். கூட வந்தவன் பசியோடு வாசலில் கிடப்பான். அதைப் பார்த்துத்தான் எங்கள் தரும சபை ஆரம்பமானது. தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் வாசல் ஆணியில் ஆளுக்கொரு பால் டின் தொங்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்து டின்னில் போட வேண்டும். மாதாமாதம் நான் சாக்கோடு போய் வாங்கி வருவேன். பாதி அரிசி ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் கொட்டகையில் கஞ்சியாகும். மீதியை என் கடையில் விற்று, அந்தப் பணத்தில் சிங்கப்பூரில் ஒரு பையனை டாக்டருக்குப் படிக்க வைத்தோம்.

அவன்தான் ஜெயபாலன். தாய் தகப்பன் இருவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ரப்பர் மரம் நிற்கிற கித்தாக்காட்டு லயத்தில் வளர்ந்தவன். படிப்பில் புலி. ஆளைப் பார்த்தால் ஒரு வேளைக்கு மேல் சாப்பிடாதவன் போலிருப்பான். அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், பாதிப் படிப்பைத் தாண்டி விடுமுறைக்கு வந்திருந்தான்.

தோட்டத்துப் பெண்களுக்கு இந்தப் பாதி, முழுசு கணக்கெல்லாம் கிடையாது. அவன் 'நம்ம டாக்டரு', அவ்வளவுதான். நான் சாக்கோடு போனால் என்னை விசாரிக்க மாட்டார்கள். "நம்ம டாக்டரு நல்லாச் சாப்பிடுறாரா, மொதலாளி?" என்பார்கள். பெற்ற பிள்ளைக்குப் போடுவதில் கொஞ்சம் குறைத்து அவனுக்குப் போட்டவர்கள் அல்லவா? கேட்கத்தான் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெட்டைப்பாலத் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். முன்னால் அப்பாவுவும் நானும். பின்னால் ஜெயபாலன், மடியில் மாலைக் கூடை. வழியெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, யாராச்சும் கைய நீட்டி நாடி பார்க்கச் சொன்னா என்ன செய்றது?"

"பிடிச்சுப் பாரு. பார்த்திட்டு அவங்க கைய அவங்ககிட்டயே கொடுத்திரு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

தோட்டத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தப்பு அடித்தார்கள். கங்காணி மாலையைப் போட்டார். அப்பாவு ஒரு பெட்டியின் மேல் ஏறி, "உங்க பிடியரிசி இன்னைக்கு டாக்டரா வந்து நிக்குது" என்று முழங்கினார். ஆண்கள் கை தட்டினார்கள். நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அங்கே ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, பேச்சு எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள். எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

அப்பாவு பெட்டியை விட்டு இறங்கினாரோ இல்லையோ, ராக்காயி வந்து ஜெயபாலனின் கையைப் பிடித்தாள். அந்தத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கிறவள் அவள். "வாங்க சாமி. ஒங்களுக்காகத்தான் நேத்துலருந்து காத்துக் கெடக்கு" என்று இழுத்துக்கொண்டு நடந்தாள். மாலையைக் கழற்றக்கூட அவனுக்கு நேரமில்லை.

லயத்தின் கடைசி வீடு. நான் வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே பாயில் ஒரு பெண் நிறைமாதமாகக் கிடந்தாள். கித்தா மரத்தில் பால் வெட்டும் சன்னாசியின் மனைவி இருளாயி. எனக்குத் தெரிந்த பெண்தான். டின்னைத் தட்டித் தட்டி, அடியில் ஒட்டிய கடைசி அரிசியையும் என் சாக்கில் கொட்டுகிறவள். அவளை அடையாளம் காணவே எனக்குச் சிரமமாக இருந்தது. முகம் அப்படி வீங்கியிருந்தது. ஜெயபாலன் அவள் காலை ஒரு விரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"டாக்டரு வந்துட்டாரா?" என்றாள் அவள், தலையைத் திருப்பி.

"வந்துட்டேன்."

"ஒங்க மொகத்தப் பார்க்கணும்னு இருந்தேன். கண்ணுக்கு முன்னால ஒரே பொகையா இருக்கு. ஒண்ணுந் தெரியல."

ஜெயபாலன் எழுந்து வெளியே வந்தான். என்னைக் கடந்து, குழாயடிப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நானும் அப்பாவுவும் பின்னாலேயே போனோம். அவன் உதடு வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் மாமா. இப்பவே. வலிப்பு வந்திருச்சுன்னா தாயும் போயிரும், பிள்ளையும் போயிரும்."

"நீ எதுவும் செய்ய முடியாதா?"

"இத புத்தகத்துல படிச்சிருக்கேன். ஆளுகிட்ட இன்னைக்குத்தான் பார்க்கிறேன். பிரசவம் ஒண்ணுகூட நான் இன்னும் பார்த்ததில்ல. போய் உண்மையச் சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்லன்னு."

அப்பாவு அவன் கையைப் பிடித்தார். அவர் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. "சொல்லாதப்பா. ஒன் காலப் பிடிக்கிறேன். இப்பத்தான் பெட்டி மேல நின்னு சொன்னேன். இல்லன்னு தெரிஞ்சா அத்தன டின்னும் ஆணியில இருந்து எறங்கிரும். ஒன் படிப்பும் போச்சு, கொட்டகையில கஞ்சியும் போச்சு."

"அங்க ஒரு உசிரு போகப் போகுது, நீரு டின்னப் பத்திப் பேசுறீரா?" என்று கத்தினேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஜெயபாலன் திரும்பிப் போய் வீட்டு வாசலில் நின்றான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். கார் இருக்கு" என்றான்.

கூட்டம் அசையவில்லை. சன்னாசிதான் முன்னால் வந்தான். "ஆஸ்பத்திரிக்குன்னா நேத்தே போயிருப்போமே சாமி. தோட்டத்துல மருந்து கொடுக்குற டிரசரு போகச் சொல்லித்தான் சொன்னாரு. நாங்கதான் போகல."

"ஏன் போகல?"

ராக்காயி பதில் சொன்னாள். ஏதோ பெருமையான காரியத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள். "நாந்தான் நிறுத்திப்புட்டேன். நாளைக்கு நம்ம டாக்டரு வாராரு, அவரு இருக்கையில அன்னியன் கைக்கு எதுக்குப் போகணும்? அரிசி போட்ட வவுறு. மொதப் பிரசவம் அவரு கையில நடக்கட்டும்னேன்."

ஜெயபாலன் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். அவன் வருகிறான் என்பதற்காகவே அவளைப் போகவிடாமல் வைத்திருக்கிறார்கள். ஒரு பகல், ஓர் இரவு. அவன் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருப்பாள். மாலையிலிருந்து பூ உதிர்ந்து அவன் காலடியில் விழுந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நீங்க தொட்டாச் சரியாப் போயிரும் சாமி" என்றான் சன்னாசி. "அங்க போனா வேற யாரோதானே பார்ப்பாங்க?"

"எனக்கு வேண்டிய சாமானெல்லாம் அங்கதான் இருக்கு."

"அப்ப அங்கயும் நீங்கதான் பார்ப்பீங்களா?"

ஜெயபாலன் உள்ளே பாயைப் பார்த்தான். பிறகு சன்னாசியைப் பார்த்தான்.

"ஆமா. நான்தான் பார்ப்பேன்."

அந்த ஒரு பொய்க்குக் கூட்டம் வழி விட்டது. இதே கூட்டத்திடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று அழுதிருக்கும். அவன் சொன்ன பொய்யை அன்றைக்கும் நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

பாயோடு தூக்கினார்கள். வாசல் தாண்டும்போது அவள் உடம்பு விறைத்தது. கை கால் இழுத்தது. கண் மேலே செருகியது. "முனி அடிச்சிருச்சு!" என்று ஒருத்தி அலறினாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருத்தி மிளகாய் வற்றலை அள்ளிக்கொண்டு அடுப்பை நோக்கி ஓடினாள், புகை போட.

"யாரும் கத்தக் கூடாது!" என்றான் ஜெயபாலன். அந்த ஒல்லி உடம்பில் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "பொகை போடாதீங்க! கீழ வைங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அகப்பை எடுங்க, அகப்பை!"

மாலையைப் பிய்த்து எறிந்தான். அகப்பைக் காம்பில் தன் துண்டைச் சுற்றி அவள் பற்களுக்கு நடுவே கொடுத்தான். வலிப்பு அடங்கியதும் அவள் வாயைத் துடைத்துவிட்டு, "காரு" என்றான் என்னைப் பார்த்து.

என் கார் சாதாரண நாளிலேயே வீம்பு பிடிக்கும். அன்றைக்குக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், இருமிவிட்டு அணைகிறது. யா அல்லா, இந்தச் சனியனுக்கு நான் எவ்வளவு எண்ணெய் ஊற்றியிருப்பேன்! சன்னாசி என்னைத் தள்ளிவிட்டு ஒரே சுற்றுச் சுற்றினான். கார் உறுமியது. பின்னால் ராக்காயியின் மடியில் இருளாயியின் தலை. ஜெயபாலன் கீழே மண்டியிட்டிருந்தான். சன்னாசி வெளிப்படியில் தொற்றிக்கொண்டான். அப்பாவு தப்புக்காரர்களோடு அங்கேயே நின்றுவிட்டார்.

செம்மண் பாதை. மழை அரித்த பள்ளங்கள்.

"மெதுவா மாமா. குலுங்கினா மறுபடி வந்திரும்."

மெதுவாக விட்டேன்.

"சீக்கிரம் மாமா. நேரமாகக் கூடாது."

"எதுடா செய்யணும்? மெதுவாவா, சீக்கிரமாவா?"

"ரெண்டுந்தான்" என்றான். அழுகிற குரல்.

பலகைப் பாலத்தின் நடுவில் ஒரு மாட்டுவண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரன் இறங்கிச் சக்கரத்தை நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஹாரனை அழுத்தப் போனேன். "வேண்டாம், சத்தம் ஆகாது" என்று ஜெயபாலன் என் தோளைப் பிடித்தான். சன்னாசி குதித்து ஓடினான். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வண்டிக்காரன் திட்டத் திட்ட இழுத்துக்கொண்டு போனான். அந்த நேரத்தில் பின்னால் காலால் கதவை உதைக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் கார் ஆற்றில் இறங்கியிருக்கும். "அம்மா தாயே, அம்மா தாயே" என்று ராக்காயி முனகுவது மட்டும் கேட்டது. அல்லாவிடம் கேட்க எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் அந்தப் பாலத்தின் மேல் கலைந்துபோய், பாதி பாதியாக வாயில் வந்தது.

பத்து காஜா வந்து சேர்ந்தோம். மூச்சு இருந்தது.

ஆட்கள் ஓடி வந்து அவளைத் தூக்குக் கட்டிலில் எடுத்தார்கள். ஒரு டாக்டர் வந்தார். ஜெயபாலன் அவர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு இங்கிலீசில் கடகடவென்று சொன்னான். கால் வீக்கம், கண், வலிப்பு, எல்லாம். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். வார்டு வாசலில் ஏதோ ஒரு கேள்வி கேட்டார். ஜெயபாலன் தலையைக் குனிந்து ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். டாக்டர் அவன் தோளைத் தட்டினார். கதவைச் சாத்தினார்கள்.

ஜெயபாலன் வெளியே நின்றான்.

சாத்தியிருந்த கதவைச் சன்னாசி பார்த்தான். இவனைப் பார்த்தான். "நீங்க உள்ள போகலயா?"

ஜெயபாலன் கதவிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"சாமி, நீங்கதானே பார்ப்பேன்னீங்க. போங்க. என் பொஞ்சாதி உள்ள இருக்கா."

"என்னைய உள்ள விட மாட்டாங்க அண்ணே. நான் டாக்டர் இல்ல. இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சன்னாசி அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். நான் குறுக்கே போகலாமா என்று யோசிப்பதற்குள் அவனே விட்டுவிட்டான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ராக்காயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். "நேத்தே அனுப்பிருக்கணும். நான் பாவி, நேத்தே அனுப்பிருக்கணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

காத்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் நாலு பேரும் எழுந்தோம். வேறு யாருக்காகவோ திறந்தது. எதிரே எங்கள் கொட்டகையில் கஞ்சி ஊற்றுகிற நேரமாயிற்று. நான் ஒரு கோப்பை வாங்கி வந்து சன்னாசியின் பக்கத்தில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். அவன் வீட்டு அரிசியும் அதில் இருந்திருக்கும். தொடவில்லை. கஞ்சி ஆறி ஆடை படர்ந்தது.

சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்தாள். சன்னாசியைத் தேடி அவனிடம் சொன்னாள். தாய் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை, ஆண் பிள்ளை, உயிரோடு வரவில்லை.

சன்னாசி தலையிலடித்துக்கொண்டு அழுதான். ஜெயபாலன் அவனிடம் போகவில்லை. என் காரின் வெளிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"நான் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகல மாமா" என்றான் ஈப்போவுக்குத் திரும்பும் வழியில். "எங்கயாச்சும் கணக்கெழுதுற கிராணி வேல பார்க்கிறேன். அந்த அரிசி இனிமே எனக்கு எறங்காது."

எனக்குக் கோபம் வந்தது. "நீ சொல்லித்தானே தாய் பொழச்சா?" என்று கேட்டேன். "நான் வந்ததாலதானே பிள்ள போச்சு?" என்று கேட்டான். நான் ரோட்டைப் பார்த்தே காரை ஓட்டினேன்.

அடுத்த மாதம் ரெட்டைப்பாலத் தோட்டத்துக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. அப்பாவு, தன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நழுவிவிட்டார். அவருக்கு ஆள் எப்படி இருக்கும்? ஜெயபாலன் கப்பலுக்குப் போகிற நாள் நெருங்கியும் பெட்டி கட்டாமல் என் கடை மாடியில் முடங்கிக் கிடந்தான். சாக்கை எடுத்துக்கொண்டு நான் ஒருவனாகப் போனேன். கல் எறிவார்களா, கதவைச் சாத்துவார்களா, இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன்.

முதல் லயத்தில் டின்கள் தொங்கின. பெண்கள் பேசாமல் கொட்டினார்கள். 'நம்ம டாக்டரு' எப்படி இருக்கிறார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அரிசி வழக்கத்தைவிடக் குறைவு. கடைசி லயத்துக் கடைசி வீட்டில் ஆணி மட்டும் இருந்தது. டின் இல்லை. சரிதான் என்று திரும்பினேன்.

"மொதலாளி" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

இருளாயி வந்தாள். வீக்கம் வடிந்து, எலும்பும் தோலுமாக இருந்தாள். மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாத பால் அடங்குவதற்காக அப்படிக் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கையில் அந்த டின் இருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, என் முகத்தையே பார்த்தாள். கண் நன்றாகத் தெரிந்தது போலும்.

"அந்தத் தம்பி படிக்கப் போகலயாமே?"

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க. இன்னும் எம்புட்டுக் காலம் படிக்கணும் அவரு?"

"பாதி ஆச்சு. இன்னும் பாதி இருக்கு."

அவள் டின்னை என் சாக்குக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். கொட்டவில்லை.

"அன்னைக்கு வந்தது பாதி டாக்டரு. பாதியக் காப்பாத்திக் கொடுத்தாரு. மீதியையும் படிச்சிட்டு வரச் சொல்லுங்க, மொதலாளி" என்றாள். "போகலன்னா எம்புள்ள போனது சும்மாப் போயிரும்னு சொல்லுங்க."

சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். அவள் கொட்டினாள். பிறகு வழக்கம் போல டின்னைத் தலைகீழாகப் பிடித்து, அடியைத் தட்டினாள்.